பாலங்களை எண்ணினேன், மாடிப்படியை விட்டுவிட்டேன்

வெனிஸிலிருந்து திரும்பி நான்கு நாள் ஆகிறது. அம்மாவின் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது, சூட்கேஸ் அடித்தளக் கெல்லருக்குப் போய்விட்டது, எக்செல் கோப்பு மட்டும் இன்னும் மேசைமேல் திறந்தே கிடக்கிறது. மூன்று இரவுப் பயணத்துக்கு ஆறு வாரம் திட்டம் போட்டேன். வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். போட்ட திட்டத்தில் பாதி நன்றாகவே ஓடியது. மீதிப் பாதி எந்த இடத்தில் உடைந்தது என்பதை மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன். வயதானவர்களைக் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போகிற யாருக்காவது உதவும்.

நாங்கள் இருப்பது மியூனிக்கில். அம்மா ஈரோட்டிலிருந்து மூன்று மாத விசாவில் வந்திருந்தார். வயது 67, இரண்டு முழங்காலிலும் தேய்மானம். காளிங்கராயன் வாய்க்கால் ஓரமாகப் பிறந்து வளர்ந்தவர். ஒருநாள் ஃபோனில் யாரோ அனுப்பிய வீடியோவைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தெருவெல்லாம் வாய்க்காலாவே இருக்குதாமா? அங்க ஒருக்கா போலாமா கண்ணு?" அம்மா எதையும் வாய்விட்டுக் கேட்கிறவர் இல்லை. சரி என்றுவிட்டேன். அதற்கப்புறம்தான் அந்த ஊரில் நானூறுக்கு மேல் பாலம் இருக்கிறது, ஏறக்குறைய எல்லாமே படி வைத்த பாலம் என்பது உறைத்தது.

முதலில் முழங்காலை அளந்தேன்

இது என் மூளையில் உதித்ததல்ல, கட்டடவேலை பார்க்கும் தம்பி சொன்னது. "பாரம் தாங்குமான்னு தெரியாம பிளான் போடாதக்கா." எங்கள் கட்டடத்தில் ஒரு மாடிக்கு 17 படி. லிஃப்ட் உண்டு, ஆனால் நான்கு நாள் அம்மாவை வேண்டுமென்றே படியில் நடக்கவைத்துக் குறித்துக்கொண்டேன். ஏறுவது பெரிய சிக்கலாக இல்லை. நடுவில் நின்று நின்று 90 படிவரை ஏறினார். இறங்குவதுதான் வில்லன். 40 படி இறங்கியதும் முகம் மாறும், 60-க்கு மேல் போனால் அன்று ராத்திரி எண்ணெய் தேய்க்கவேண்டும்.

ஆக, கணக்கு இறங்குபடியில்தான். ஒரு நாளைக்கு 60. இதை எக்செல்லில் மேலே சிவப்பில் போட்டேன். வெனிஸின் சின்னப் பாலங்களைக் கூகுளின் தெருப்படங்களில் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கி எண்ணியதில் சராசரியாக ஒரு பக்கம் 12 படி வந்தது. ஒரு பாலம் கடந்தால் 12 ஏறுபடி, 12 இறங்குபடி. நாளைக்கு ஐந்து பாலம். அவ்வளவுதான் முதலீடு.

தேதியில் ஒரு சறுக்கல்

நவம்பர் 1 பவேரியாவில் விடுமுறை. லீவு மிச்சம் என்று அந்த வார இறுதியைத்தான் முதலில் பிடித்தேன். இத்தாலியிலும் அன்று விடுமுறை என்பது அறை விலையைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது: ஓர் இரவுக்கு 236 யூரோ. அதே அறை பத்து நாள் கழித்து வரும் செவ்வாய்க்கிழமைக்கு 118. லீவை மிச்சம் பிடிக்கப் போய் அறைக்கு இரட்டிப்பாகக் கொடுப்பதில் என்ன லாபம்? மூன்று நாள் லீவு போட்டு செவ்வாய் முதல் வெள்ளி என்று மாற்றினேன்.

நவம்பரில் இன்னொரு வசதி, பகலில் வந்து போகிறவர்களிடம் வசூலிக்கும் நுழைவுக் கட்டணம் கிடையாது. 2024 ஏப்ரலில் தொடங்கிய ஏற்பாடு அது. குறிப்பிட்ட வசந்தகால, கோடைகால நாட்களில் மட்டும், காலை 8.30 முதல் மாலை 4 வரை. ஊருக்குள் இரவு தங்குகிறவர்களுக்கு விலக்கு உண்டு, ஆனால் அதையும் முன்கூட்டிப் பதிந்து கியூஆர் குறியீடு வாங்கவேண்டும். அந்தத் தலைவலி இல்லை. பதிலுக்கு நவம்பரில் வேறொரு தலைவலி: கடல் ஏறும் பருவம். அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டு திட்டங்கள், இரண்டும் குப்பைக்கு

முதல் திட்டம் மெஸ்த்ரே. ரயில் வெனிஸ் தீவுக்குள் நுழையும் முன்னால் வரும் நிலப்பகுதி ஊர். அங்கிருந்து ரயிலேறினால் பத்துப் பன்னிரண்டு நிமிடத்தில் தீவில் இறங்கலாம். அறையும் மலிவு, லிஃப்டும் இருக்கும், படியே இல்லை. கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் அம்மா மத்தியானம் ஒரு மணிக்குக் கொஞ்சம் படுத்தே ஆகவேண்டியவர். அதற்காக ரயில் பிடித்துப் போய், மறுபடி ரயில் பிடித்து வருவதா? வராமல் நாள் முழுக்க வெளியே சுற்றினால் உட்கார எங்கே இடம், கழிப்பறைக்கு எங்கே போவது? அதை அடித்தேன். (இந்தக் கேள்விகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வந்து என் மூஞ்சியில் அறையும்.)

இரண்டாவது, சாந்தா மரியா ஃபொர்மோசா சதுக்கத்தைத் தாண்டி ஓர் அழகான அறை. வரைபடத்தில் ரியால்டோ படகுத்துறையிலிருந்து ஒன்பது நிமிட நடை. பதிவே செய்துவிட்டேன். அப்புறம் ஒரு ராத்திரி, ஏ3 தாளில் அச்செடுத்த வரைபடத்தையும் சிவப்புப் பென்சிலையும் வைத்துக்கொண்டு அந்த ஒன்பது நிமிடத்தைக் கோடுபோட்டுப் பார்த்தேன். மூன்று பாலம். காலையில் கிளம்ப, மத்தியானம் திரும்ப, மறுபடி கிளம்ப, ராத்திரி திரும்ப என்று நான்கு நடை. பன்னிரண்டு முறை பாலம் கடக்கவேண்டும். 144 இறங்குபடி. அறைக்குப் போய்வருவதிலேயே இரண்டரை நாள் முழங்கால் தீர்ந்துபோகும்! இலவசமாக ரத்து செய்ய இரண்டு நாள் பாக்கி இருந்தது, தப்பித்தேன்.

வரைபடச் செயலிகள் இந்த ஊரில் மீட்டரையும் நிமிடத்தையும் காட்டும், படியைக் காட்டாது. 900 மீட்டர் சமதளம் அம்மாவுக்கு ஒன்றுமில்லை, 200 மீட்டரில் இரண்டு பாலம் என்றால் பெரிய விஷயம்.

தெருப்பெயரே சொல்லிவிடும்

மூன்றாவது திட்டத்தைத் தலைகீழாகத் தொடங்கினேன். சாந்தா லூச்சியா ரயில் நிலையத்திலிருந்து ஒரு பாலம்கூடக் கடக்காமல் எவ்வளவு தூரம் போகலாம்? பதில்: லிஸ்தா தி ஸ்பாஞா என்ற தெரு முழுக்க, சான் ஜெரேமியா சதுக்கம்வரை, குல்யே பாலத்துக்கு முன்னால்வரை. நிலையத்துக்கு எதிரேயே படகுத்துறை. தெரு என்னவோ அழகில்லை. பிளாஸ்டிக் முகமூடிக் கடையும் பீட்சாக் கடையுமாக நம்மூர்க் கோவில் வாசல் கடைவீதி மாதிரிதான் இருக்கும். ஆனால் பூஜ்யம் பாலம். அங்கேயே ஒரு சின்னச் சமையலறையோடு ஒரு வீடு கிடைத்தது. அறிவிப்பில் 'முதல் மாடி' என்று போட்டிருந்தது. ஒரு மாடிதானே, 17 படி என்று எக்செல்லில் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

அடுத்த வேலை, இடங்களைப் படகுத்துறையிலிருந்து பாலமில்லாமல் அடைவது. இதில்தான் எனக்கு ருசி தட்டியது. சான் மார்கோ சதுக்கத்துக்குப் போக எல்லோரும் சான் சக்கரியா துறையில் இறங்குவார்கள். அங்கிருந்து சதுக்கத்துக்குள் வர, பெருமூச்சுப் பாலத்தைப் பார்க்கக் கூட்டம் முண்டியடிக்கிற பக்கத்துப் பாலத்தை ஏறி இறங்கவேண்டும். அதற்குப் பதில் வல்லரெஸ்ஸோ துறையில் இறங்கி, துறைக்கு நேர் எதிர்ச் சந்தில் போய் வலப்பக்கம் திரும்பினால் சதுக்கத்தின் மறுமுனைக்குப் பாலமில்லாமல் வந்துவிடலாம்.

ரியால்டோ சந்தைக்கும் இதே மாதிரிதான். ரியால்டோ என்ற துறையில் இறங்கினால் 1591-இல் முடித்த அந்தப் பெரிய பாலத்தைத் தாண்டவேண்டும். 'ரியால்டோ மெர்காத்தோ' என்ற துறை சந்தைப் பக்கமே இருக்கிறது.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். அந்த ஊரில் 'ரியோ' என்றால் வாய்க்கால். 'ரியோ தெரா' என்றால் மண்போட்டு மூடிய வாய்க்கால், அதாவது இப்போது அது தெரு. பெயரில் ரியோ தெரா இருந்தால் பெரும்பாலும் அகலமாக, நேராக, மட்டமாக இருக்கும். அக்காதெமியா துறையிலிருந்து ரியோ தெரா ஃபொஸ்கரீனி வழியாக நடந்தால் பாலமே இல்லாமல் தீவின் தெற்குக் கரையான சாத்தெரேவுக்குப் போய்ச் சேரலாம். வரைபடத்தில் இந்தப் பெயர் வரும் இடமெல்லாம் பச்சையடித்தேன். அம்மாவிடம் சொன்னபோது, "பொழைக்கத் தெரியாதவங்க, வாய்க்கால மூடுவாங்களா?" என்று கோபித்துக்கொண்டார்.

பெட்டி, டிக்கெட், அரிசி

படகில் ஒரு பெட்டி இலவசம், நீளம் அகலம் உயரம் மூன்றையும் கூட்டினால் 150 செ.மீ.க்குள் இருக்கவேண்டும். தையல் டேப்பை எடுத்து அளந்தேன். பெரிய பெட்டி 76, 52, 31, ஆக 159. சின்னது 55, 40, 23, ஆக 118. சின்னது மட்டும் வந்தது.

படகு டிக்கெட் ஒற்றைப் பயணத்துக்கு 9.50 யூரோ, 75 நிமிடம் செல்லும். 24 மணி நேரத்துக்கு 25, 48-க்கு 35, 72-க்கு 45. மூன்று இரவு, எனவே 72 என்று இரண்டு வாங்கினேன். இங்கே ஒரு முட்டாள்தனம். கடிகாரம் வாங்கிய நேரத்திலிருந்து ஓடாது, இயந்திரத்தில் முதல்முறை காட்டிய நேரத்திலிருந்துதான் ஓடும். செவ்வாய் மாலை வந்திறங்கி வீட்டுக்கு நடந்தே போய்விட்டோம். புதன் காலை 8.40-க்குத்தான் முதலில் காட்டினேன். வெள்ளி மத்தியானம் ரயில், அன்று படகே ஏறவில்லை. 48 மணி நேர டிக்கெட்டே போதும். இருவருக்கும் சேர்த்து 20 யூரோ வாய்க்காலில் போட்ட மாதிரி.

அம்மா கவுச்சி சாப்பிடமாட்டார். ஊர் முழுக்க மீன். சின்ன ரைஸ் குக்கர், 600 கிராம் அரிசி, 150 கிராம் துவரம்பருப்பு, தாளிக்கிற சாமான், ஊறுகாய் டப்பா எல்லாம் பெட்டியில் ஏறின. ராத்திரி அரிசிம்பருப்பு சாதம், அதற்கு மேல் யோசிக்கத் தேவையில்லை. வெளியே சாப்பிட ஒரு வாக்கியம் மனப்பாடம் செய்தேன்: "சென்சா கார்னே, சென்சா பேஷே." இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல். 'மரினாரா' என்று பெயரைப் பார்த்துப் பயப்படவேண்டாம். பெயரில்தான் கடல், பீட்சாவில் இருப்பது தக்காளியும் பூண்டும் ஓரிகானோவும்.

கடைசியாக ஒரு மடக்கு ஸ்டூல், 14.99 யூரோ, 900 கிராம். பாலத்தின் நடுவில் அம்மா உட்காருவதற்காம். தேவையே இல்லை, சதுக்கங்களில் சிவப்பு பெஞ்சுகள் கிடக்கின்றன. பாலத்தின் நடுவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தால் ஊரே நின்றுவிடும் என்பது நேரில் பார்த்தபிறகுதான் புரிந்தது.

41

மியூனிக்கில் காலையில் ஏறினால் நேர் ரயில், பிரென்னர் கணவாய் வழியாக ஏழு மணி நேரம் போல. கடைசிச் சில நிமிடம் ரயில் தண்ணீர்மேல் போகிறது. அம்மா ஜன்னலை விட்டு நகரவில்லை. நிலைய வாசலில் அகலமான படிகள். ஓரத்துச் சாய்வில் பெட்டிக்காரர்களோடு சேர்ந்து இறங்கினோம். பாலம் எதுவும் இல்லாமல் வீட்டு வாசல்வரை வந்து சேர்ந்தோம். எனக்கு ஒரே பெருமை.

கதவைத் திறந்தால் இருட்டான ஈரக் கூடம். கீழே யாரும் குடியில்லை. செங்கல் சுவரில் இடுப்பளவுக்கு உப்புப் பூத்திருந்தது. கல்படி, குறுகலாக, செங்குத்தாக. ஒரு திருப்பம் ஏறினால் குள்ளமான கதவு. அதுதான் வீடு என்று நினைத்து நான் சாவியை நீட்ட, வீட்டைக் காட்டக் கூட வந்தவர் "இல்லை, மேலே" என்றார். இன்னொரு திருப்பம். அப்புறம் இன்னும் ஒன்று.

அந்த ஊர்ப் பழைய வீடுகளில் கீழ்த்தளம் சரக்கு வைக்க, அதற்கு மேல் உயரம் குறைந்த ஓர் இடைத்தளம், அதற்கும் மேலேதான் ஆட்கள் வசிக்கும் உயரமான தளம். இடைத்தளத்தை மாடிக் கணக்கில் சேர்ப்பதில்லை. எனவே வீட்டை வாடகைக்கு விட்டவர் பொய் சொல்லவில்லை, அவர் கணக்கில் அது முதல் மாடிதான். என் கணக்கில் 41 படி. லிஃப்டுக்கு இடமே இல்லை.

அம்மா இடைத்தளத்தில் நின்று மூச்சு வாங்கினார். பெட்டியிலிருந்து அந்த மடக்கு ஸ்டூலை எடுத்துப் போட்டேன். உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தார். "ஊர்ப்பட்ட பாலத்துக்கெல்லாம் கணக்கு எழுதுனயே கண்ணு, ஊட்டுக்கு எழுதலயா?"

ஸ்டூல் அடுத்த மூன்று நாளும் அந்த இடத்திலேயே இருந்தது. 14.99 வீண் என்று இனி சொல்லமாட்டேன்.

ராத்திரி அரிசி வேகும்போது திட்டத்தைத் திருப்பிப் போட்டேன். மத்தியானம் ஓய்வுக்கு வீட்டுக்கு வந்தால் ஒரு நாளில் இரண்டு முறை இறங்கவேண்டும், 82 படி. முதல் பாலத்தைப் பார்க்கும் முன்னாலேயே கணக்கு 22 இடிக்கிறது. எனவே ஒருமுறைதான் இறங்குவது: 41 போக மிச்சம் 19, அதாவது ஒரே ஒரு பாலம். மத்தியான ஓய்வு போயிற்று. நாள் முழுக்க வெளியே. எந்தக் காரணத்துக்காக மெஸ்த்ரேயை அடித்தேனோ, மூன்று மடங்கு காசு கொடுத்து அதே இடத்தில் வந்து நின்றேன். நாற்பது நிமிடப் படகுப் பயணமான புரானோ தீவையும் அன்றே அடித்துவிட்டேன்.

மதகு

புதன்கிழமைக்கு நகரத்தின் அலை முன்னறிவிப்பு காலை 10.20-க்கு 95 செ.மீ. காட்டியது. இதைப் பார்த்துப் பயந்துவிடக்கூடாது. தெருவில் 95 செ.மீ. தண்ணீர் என்று அர்த்தமில்லை. சாலுத்தே முனையில் 1897-இல் குறித்து வைத்த கடல்மட்டத்திலிருந்து அளப்பது. ஊரில் தாழ்ந்த இடங்களில் ஒன்றான சான் மார்கோ சதுக்கத்தில் 80-ஐத் தாண்டிய பிறகு தண்ணீர் வரத் தொடங்கும், மற்ற இடம் பெரும்பாலும் உலர்ந்தே இருக்கும். 110 செ.மீ. வரும் என்று தெரிந்தால் கடலுக்கும் காயலுக்கும் நடுவிலிருக்கும் மூன்று வாய்களிலும் 78 இரும்புக் கதவுகளைத் தூக்கிவிடுவார்கள். 2020 அக்டோபர் 3 அன்றுதான் முதல்முறையாக நிஜ அலைக்கு எதிராகத் தூக்கினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு நவம்பர் 12 அன்று 187 செ.மீ. ஏறி ஊரை மூழ்கடித்தது, அப்போது கதவு வேலை முடிந்திருக்கவில்லை. இதையெல்லாம் ரயிலிலேயே அம்மாவுக்கு விளக்கியிருந்தேன். அவர் ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்: "மதகு."

95 என்றால் மதகு தூக்கமாட்டார்கள், சதுக்கம் நனையும். பத்து மணிக்கு முன்னால் வல்லரெஸ்ஸோ வழியாக வந்து தூண் வரிசைக்குக் கீழே உலர்ந்த இடத்தில் நின்றோம். கடல் பக்கமிருந்து அலையடித்து வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தது தரையிலிருந்து. கல் பாவிய தரையில் மழைத்தண்ணீர் வடிவதற்கென்று வைத்த ஓட்டைகள் வழியாக, கொதிக்கிற பாலில் நுரை தலைகாட்டுகிற மாதிரி மெல்லப் பொங்கி, கல்லின் இணைப்புகளில் கோடு கோடாக ஓடி, ஒரு பாத்தி நிரம்பி அடுத்த பாத்திக்கு வழிந்தது. சத்தமே இல்லை. அம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்ணி உட்டுட்டாங்களாட்ட இருக்குது."

வயலுக்கு வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடும் நாளில் இப்படித்தான் கடைமடைவரை ஓசையில்லாமல் வருமாம். அரை மணி நேரத்தில் சதுக்கத்தின் நடுவில் கணுக்கால் அளவு. நாங்கள் நகர்ந்து நகர்ந்து பின்வாங்கினோம். ஆறு வாரத் திட்டத்தில் 'சதுக்கம், 40 நிமிடம்' என்று போட்டிருந்தேன். ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது.

தப்பான படகு

மத்தியானம் ஒரு மணி. அம்மாவுக்குக் கண் சொருகியது. ஒன்றாம் எண் படகில் ஏறி நிலையப் பக்கம் திரும்புவதாகத்தான் ஏறினேன். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் ஊரின் நடுவே ஓடும் பெருங்கால்வாயைக் காணோம், எதிரே விரிந்த தண்ணீர். திசை மாற்றி ஏறியிருக்கிறேன், படகு லிடோ தீவுக்குப் போகிறது. துறைப்பலகையில் போட்டிருக்கும் கடைசி நிறுத்தத்தின் பெயரைப் படிக்காமல் எண்ணை மட்டும் பார்த்ததன் பலன்.

அம்மாவைப் பார்த்தேன். உள்ளே ஜன்னலோர இருக்கையில், எஞ்சின் சூட்டில், பையை மடியில் வைத்துக்கொண்டு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

நான் தேடிக்கொண்டிருந்த மத்தியான ஓய்வு இதுதான். நாள் டிக்கெட் இருப்பதால் எவ்வளவு நேரம் போனாலும் காசு கூடாது. உள்ளே சூடு, குஷன் இல்லாவிட்டாலும் சாய்ந்துகொள்ள இடம், படி கிடையாது. லிடோ கடைசி நிறுத்தம். இறங்கிப் பார்த்தால் ரோடு, பஸ், கார், லிஃப்ட் வைத்த கட்டடங்கள்! காபி குடித்துவிட்டு அதே ஒன்றாம் எண்ணில் ஏறி நிலையம்வரை வந்தோம். ஒரு மணி நேரம் போல, பெருங்கால்வாய் முழுக்க, அரண்மனைகள் இருபக்கமும் தானாக நகர்ந்து போயின. எந்தப் பாலத்தில் ஏறியிருந்தாலும் இவ்வளவு பார்த்திருக்கமுடியாது.

ஏறும்போது ஒன்று கவனிக்கவேண்டும். படகு வந்து மிதவைத் துறையில் முட்டும், பணியாளர் கயிற்றை இரும்புக் குற்றியில் சுற்றி இறுக்குவார், படகு இன்னொருமுறை குலுங்கும். அந்த இரண்டாவது குலுக்கலுக்கு அப்புறம் காலெடுத்து வைக்கவேண்டும். முதல்முறை அவசரப்பட்டு நானே தடுமாறினேன், அம்மா என்னைப் பிடித்தார்.

வியாழன், சுருக்கமாக

கா தோரோ துறை, அங்கிருந்து சாந்தா சோஃபியா சதுக்கம், பாலமில்லை. அங்கே பெருங்கால்வாயைக் குறுக்கே கடக்க 'த்ரகெத்தோ' என்ற படகு. கொண்டோலா மாதிரியேதான், அலங்காரம் இல்லாமல் இரண்டு பேர் துடுப்புப் போடுவார்கள். ஆளுக்கு 2 யூரோ. தனிக் கொண்டோலாவுக்குப் பகலில் அரை மணி நேரத்துக்கு 90. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "நம்மூரு பரிசலாட்டந்தான். இதுக்கு ரெண்டு யூரோவா?" என்றார். ஆனால் நடு ஆற்றில் கையைத் தண்ணீரில் விட்டு அளைந்தார், நான் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு.

எதிர்க்கரையில் ரியால்டோ சந்தை. மீன் பக்கம் போகாமல் காய்கறிப் பக்கம் நின்றோம். ஒருவர் கூனைப்பூவின் (ஆர்ட்டிசோக்) இதழ்களைச் சீவித் தள்ளி, அடித்தட்டை மட்டும் ரூபாய் நாணயம் மாதிரி வட்டமாக வெட்டி, எலுமிச்சை மிதக்கும் தண்ணீர் வாளியில் போட்டுக்கொண்டே இருந்தார். வாழைப்பூவை மோரில் போடுகிற அதே காரியம். கறுக்கக்கூடாதே! அம்மா நின்று ஐந்து பூ வெட்டுவதைப் பார்த்தார். எட்டுத் துண்டு வாங்கி ராத்திரி மிளகு போட்டு வதக்கினோம். நன்றாக இருந்தது.

மத்தியானம் வேண்டுமென்றே லிடோ படகுத் தூக்கம். திரும்பும்போது அக்காதெமியாவில் இறங்கி, ரியோ தெரா வழியாகச் சாத்தெரே. அங்கே ஓர் ஆச்சரியம் காத்திருந்தது: அக்டோபர் கடைசி ஞாயிறு நடந்த மாரத்தானுக்காகக் கரையோரப் பாலங்களில் போட்ட மரச் சாய்தளங்களை இன்னும் எடுக்கவில்லை. படிக்குமேல் பலகை. அம்மா ஒரே மூச்சில் இரண்டு பாலம் நடந்தார், கணக்கில் பூஜ்யம் படி. இது தெரிந்திருந்தால் தெற்குக் கரையை நடுவாக வைத்தே திட்டம் போட்டிருப்பேன்.

செலவு

ரயில் போக வர இருவருக்கும் 179.60. வீடு 354, நகர வரி 24. படகு டிக்கெட் 90. மளிகை, காய்கறி 31. வெளிச்சாப்பாடு, காபி 64. த்ரகெத்தோ 4. கட்டணக் கழிப்பறை ஒன்றரை யூரோ வீதம் நான்கு முறை, 6. ஸ்டூல் 14.99. மொத்தம் 767.59 யூரோ. 800-க்குள் முடித்தாயிற்று. குடிதண்ணீருக்குக் காசில்லை, சதுக்கத்துக்குச் சதுக்கம் குழாய் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஒரு பாட்டில் எடுத்துப் போனால் போதும்.

இறங்குபடிக் கணக்கு: புதன் 41, வியாழன் ஒரு சின்னப் பாலத்தோடு 53, வெள்ளி 41. மூன்று நாளும் 60-க்குள்தான். ஆனாலும் ஊர் திரும்பியதும் வீங்கியது. நம் வீட்டுப் படியின் உயரமும் அந்தக் கல்படியின் உயரமும் ஒன்றில்லை. டேப் கையிலிருந்தும் அங்கே அளக்கத் தோன்றவில்லை. என் கண்ணுக்கு அது மூன்று நான்கு செ.மீ. அதிகம்.

ஏப்ரலில் அத்தை வருகிறார்கள், அவர்களுக்கும் வெனிஸ் பார்க்கவேண்டுமாம். இந்தமுறை லிடோவில் பார்க்கிறேன். பகல் நுழைவுக் கட்டணத்தின் எல்லைக்குள் லிடோ வராது, ஆனால் தங்குகிறவர்களுக்கான விலக்கை மறக்காமல் பதிந்துகொள்ளவேண்டும். டிக்கெட் 48 மணி நேரம். எக்செல்லில் புதிதாக இரண்டு பத்தி: 'தெருக்கதவிலிருந்து கட்டில்வரை படி', 'ஒரு படியின் உயரம்'. பிடித்திருக்கும் வீட்டுக்கு நேற்று ராத்திரி இரண்டையும் கேட்டு எழுதினேன். காலையில் பதில் வந்திருந்தது: நான்கு படி, உயரம் சாதாரணம்தான். ஸ்கேல் வைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.